சொல்லிக்கொள்ளாமல் போன அமெரிக்கர்

போடிநாயக்கனூர்
11 ஜூன் 2023

ஆத்தா செல்விக்கு அப்பா எழுதுவது.

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். நேற்றுப் பட்ட அவமானத்தைச் சொல்லி முடித்தால்தான் பேனா ஒழுங்காக ஓடும்.

நீ மொழிபெயர்க்கிற நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்கள் வந்து சேர்ந்தன. "படித்துப் பாருங்கள் அப்பா, உங்களுக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும்" என்று எழுதியிருந்தாய். பெருமையாக இருந்தது. இரண்டாவது டீ குடிக்கும்போதுதான் அது பெருமை இல்லை என்று உறைத்தது. போகட்டும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்கு இந்த வேலையாவது கிடைத்ததே.

தனியாகப் படித்தால் கண் சொக்கிவிடும் என்று நம் ஏலக்காய் ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். ரேடியோ கெட்டுப்போனதிலிருந்து காய் பொறுக்குகிற பெண்களுக்குக் கை ஓடவில்லை. "எம்மக எழுதுன கதை, கேளுங்க தாயிகளா" என்று மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அமெரிக்காவில் தோல் வியாபாரம் பண்ணுகிற மனிதர், பிரான்சில் பெரிய வீட்டில் வாக்கப்பட்ட மகளைப் பார்க்கக் கப்பலேறி வருகிறார். சம்பந்தியம்மா கன்னத்தை நீட்டுகிறார். இவருக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது. அந்தம்மா வலது கன்னத்தைக் காட்ட, இவர் இடது பக்கம் குனிய, மூக்கும் மூக்கும் இடிக்கிறது. எந்தப் பக்கம் குனிந்தார் என்று ஒருத்திக்கும் விளங்கவில்லை. ஆகவே நான் இறங்கி, தராசுக் கம்பத்தைச் சம்பந்தியம்மாவாக வைத்துக் குனிந்து காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து வண்டன்மேட்டிலிருந்து காய் வாங்குகிற சேட்டன் உள்ளே வந்துவிட்டார். கம்பத்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தவர், "தெரக்கில்லா, ஞான் பின்னே வராம்" என்று, அவசரமில்லை என்பதாகக் கையைக் காட்டித் திரும்பிப் போய்விட்டார். நம்ம ஜெயபாக்கியம் சும்மா இருப்பாளா? "அண்ணே, அடுத்த கன்னத்தக் காட்டுன்னு எங்க சர்ச்சுல சொன்னது இதுக்கில்லண்ணே!" என்றாள். ஷெட்டே உருண்டது. எனக்குப் பேர் மட்டும் வெள்ளைத்துரை, காரியம் இப்படி.

திருத்தம் ஒன்றுதான். "உபசரிப்பு நெறிமுறைகள்" என்று எழுதியிருக்கிறாய். "மரியாதை" என்று போடு. போதும்.

அது சரி, போனில் பேசவேண்டாம், கடிதம் எழுதுங்கள் என்கிறாயே, ஏன்? மாப்பிள்ளை சுகமா? சம்பந்தியம்மா சுகமா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து உன் எழுத்தை மறுபடி படித்தேன். என் வாயில் படிக்கப் படிக்க, உன் குரல் பக்கத்து அறையிலிருந்து வந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன் என்றால் சிரிப்பாய்.

அப்பா

லியோன்
3 ஜூலை 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

தராசுக் கம்பத்தை நினைத்துச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு.

போனில் பேசக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உங்கள் குரல் போனுக்குள் அடங்குவதில்லை, அப்பா. போடிமெட்டுக்குப் புறப்பட்டுவிட்ட ஜீப்பை நிறுத்துகிற குரல் அது. மே மாதம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பிலிப்பின் அம்மா எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அருமையான வெயில் நாள். திரும்பி வந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவுதான். இந்த வீட்டில் எதையும் இப்படித்தான் சொல்வார்கள்.

நீங்கள் படிக்கிற நாவலே இதைப் பற்றியதுதான். அமெரிக்கர் மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறார். அவருக்கு அது அன்பு. ஐரோப்பியர்கள் கேட்காமல் விடுகிறார்கள். அவர்களுக்கு அது மரியாதை. யாரும் கெட்டவர்கள் இல்லை. நடுவில் அந்த மகள் இருக்கிறாள். எழுதி நூற்றைம்பது வருடம் ஆகிறது, இன்னும் பல்கலைக்கழகங்களில் பாடம்.

வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். மாடிப்படி மரம். எந்தப் படி முனகும், எந்தப் படி முனகாது என்று எனக்கு இப்போது தெரியும். கதவைச் சாத்தும்போது கைப்பிடியைத் திருகியபடியே பிடித்திருந்து, மெதுவாக விடவேண்டும். சாப்பாட்டு மேசையில் ஸ்பூன் தட்டில் படக்கூடாது. இதெல்லாம் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானே கற்றுக்கொண்டேன். பிலிப் நல்லவர். வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு நடை.

அடுத்த மூன்று அத்தியாயங்கள் இத்துடன். கம்பம் வேண்டாம்.

செல்வி

போடிநாயக்கனூர்
30 ஜூலை 2023

ஆத்தா,

உன் நாவலைப் படித்து ஒரு உண்மையைக் கண்டுபிடித்தேன். நம்ம போடி இருப்பது இந்தியாவில் இல்லை, அமெரிக்காவில்.

முந்தாநாள் குரங்கணித் தோட்டத்துக்குப் போக ஒச்சப்பன் ஜீப்பில் ஏறினேன். உள்ளே வேலையாட்கள் பதினைந்து பேர், மேலே தொங்கியவர்கள் தனிக்கணக்கு. வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை, ஒச்சப்பன் ஆரம்பித்துவிட்டான். "ஏண்ணே, மாப்ளைக்கு மாசம் என்ன வரும்?" தெரியாது என்றேன். "வீடு சொந்தமா, ஒத்தியா?" சொந்தம் என்றேன். "கல்யாணமாயி நாலு வருசமாச்சே, எதும் விசேசம் இல்லையாண்ணே? டாக்டருகிட்ட காட்டச் சொல்லுங்க, வெரசாக் காட்டச் சொல்லுங்க." பின்னால் ஒரு கிழவி முட்டைக்கோசு மூட்டைக்கு அடியிலிருந்து, "கொழுந்து வெத்தலையில பெரண்டைய வச்சு..." என்று வைத்தியமே தொடங்கிவிட்டது. ஒருத்தருக்கும் கூச்சமில்லை. உன் நாவலில் வருகிற தோல் வியாபாரி அந்த ஜீப்பில் ஏறியிருந்தால் ஊருக்கு வந்துவிட்டோம் என்று ஆனந்தப்பட்டிருப்பார்.

அந்த மனிதர் அப்படியே நான்தான். விருந்தில் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசும்போது, மகளைப் பார்த்து "ஏன் இளைச்சிருக்கே?" என்று சத்தமாகக் கேட்கிறாரே, அந்த இடத்தில் ஷெட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "கேட்டாம்பாரு மனுசன்" என்றார்கள். ஆனால் அவள் பதில் சொல்லாமல் சூப்பை ஊற்றுகிறாள். ஜெயபாக்கியம் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணே, அந்தப் புள்ள எதுக்கு எல்லாக் கதவையும் சத்தமில்லாமச் சாத்துது?" எனக்குத் தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் சொல்வார்கள் என்றேன். சொல்லவில்லை.

நானும் அமெரிக்கனாகவே கேட்டுவிடுகிறேன். விசேஷம் ஏதும் உண்டா? இருந்தால் மூன்றாம் மாதமே சொல்லிவிடு. இங்கே மூக்கு வேர்த்துக் காத்திருக்கிறார்கள். எனக்கும் பேரனோ பேத்தியோ வந்து இந்த மீசையைப் பிடித்து இழுக்கவேண்டும் என்று இருக்கிறது.

தோட்டத்தில் மேகம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. தனியாக நின்றேன். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள்ளிருந்து யாரோ "அப்பா" என்றார்கள். சின்னப் பிள்ளையில் நீ அங்கே ஒளிந்துகொள்வாயே, அந்தக் குரல் இல்லை. இப்போதைய குரல். கதவைத் திறந்து பார்த்தேன். வெறும் தட்டிகள். கிழவனுக்குக் காதும் போச்சு என்று நினைத்துக்கொள்.

அப்பா

லியோன்
24 ஆகஸ்ட் 2023

அப்பா,

அதை மட்டும் கேட்காதீர்கள். இனிமேல் எந்தக் கடிதத்திலும் கேட்காதீர்கள். ஒச்சப்பன் அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

நாவலில் வருகிற பெண் நான் இல்லை. நீங்களும் ஷெட்டுப் பெண்களும் அவளையும் என்னையும் ஒன்றாக வைத்துப் பேசுவது வரிக்கு வரி தெரிகிறது. எழுதியவர் ஓர் அமெரிக்கர், எப்போதோ செத்துப்போனவர். எனக்குச் சென்னைப் பதிப்பகம் கொடுத்த வேலை அது. நான் மொழிபெயர்ப்பாளர். இருப்பதை இருக்கிறபடி தமிழில் வைப்பதுதான் என் சோலி.

உங்களுக்கு வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன் என்ற வரி. எங்கள் வரவேற்புக்கு நீங்கள் தேவர் சிலைப் பக்கம் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். பிலிப்புக்கு வேட்டி கட்டி, மீசை வரைந்து, "பிரான்சு கண்ட போடி" என்று. ஊரே சிரித்தது, நீங்கள் ஜிப்பாவில் நின்று எல்லோரையும் வரவேற்றீர்கள். அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிக் கலைப்பது? நன்றாக இருக்கிறேன். எழுதிவிட்டேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. மாலை விளக்குப் போடாத நேரம். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன், பிலிப்பின் அம்மா எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். பேயைக் கண்டவர் போல. "நான்தான், அம்மா" என்றேன். கொஞ்சம் கழித்துச் சிரித்தார். "மன்னிக்க வேண்டும், நீங்கள் வந்ததே கேட்கவில்லை. இப்போது எவ்வளவு அழகாக நடக்கிறீர்கள்" என்றார். பாராட்டுத்தான். இரவு முழுதும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

கடைசி அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். இவற்றை ஷெட்டில் படிக்காதீர்கள். நீங்கள் மட்டும் படியுங்கள்.

செல்வி

போடிநாயக்கனூர்
20 செப்டம்பர் 2023

ஆத்தா செல்வி,

கோபமாக எழுதியிருந்தாய். வாங்கி வைத்துக்கொண்டேன். ஃப்ளெக்ஸ் விஷயத்தில் நீ சொன்னது முழுக்கச் சரி. மீசை என் யோசனை இல்லை, ஃப்ளெக்ஸ் கடைக்காரனுடையது, ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கடைசி அத்தியாயத்தை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். தோல் வியாபாரி ஊருக்குத் திரும்புகிற நாள். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ எழுதியிருப்பதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன், உன் எழுத்தை உனக்கே:

"அமெரிக்கர் எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரும் அவரைப் போய் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மகள் வாசல்வரை வரவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்."

துண்டு இருக்கட்டும், அது உன் கை தவறி விழுந்திருக்கலாம். சொல்லிக்கொள்ளாமல் போவது எங்கே ஆத்தா? துக்க வீட்டில். அங்கே மட்டும்தான் வந்தவர் "வர்றேன்" என்று சொல்லமாட்டார், வீட்டுக்காரர் "வாங்க"வும் சொல்லமாட்டார், வழியனுப்ப வாசலுக்கு வரவும் மாட்டார். உங்கம்மா இறந்த அன்று உன் கணக்கு டீச்சர் வந்துவிட்டுப் புறப்பட்டபோது, பள்ளிக்கூடப் பழக்கத்தில் "போயிட்டு வாங்க டீச்சர்" என்றாய். உன் அத்தை ஓடிவந்து வாயைப் பொத்தினாள். "எழவு வீட்டுல சொல்லக் கூடாதுடி" என்றாள். அன்றைக்குக் கற்றதை நீ மறக்கிறவள் இல்லை. இந்த வழக்கம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கனுக்கு எப்படித் தெரியும்?

கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிற பாண்டியராஜன் சாரிடம் போனேன். மூல நாவலைக் கம்ப்யூட்டரில் எடுத்து, அந்தப் பக்கத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மூலத்தில் அந்த மனிதர் எல்லோரிடமும் கைகுலுக்குகிறார். மருமகன் தோளில் ஓங்கித் தட்டுகிறார். அடுத்த வசந்தத்துக்கு வருவேன் என்று கத்துகிறார். மகள் கோச்சு வண்டி மறைகிறவரை கைக்குட்டையை ஆட்டுகிறாள். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன வெள்ளைத்துரை, ஒம் மக மாத்தி எழுதியிருக்கு?" என்றார். "அச்சுப் பிழையா இருக்கும் சார்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமானது அதுதான். அவரும் வாத்தியார்தான், நம்பாததை வெளிக்காட்டவில்லை.

இருப்பதை இருக்கிறபடி வைப்பவள் நீ. இந்த ஒரு இடத்தில் வைக்கவில்லை. எனக்குப் படிப்பு கம்மி, ஆனால் இது எனக்கு எழுதியது என்று புரிகிறது.

அந்த வீட்டில் செத்தது யார்?

அப்பா

லியோன்
12 அக்டோபர் 2023

அப்பா,

நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதவில்லை. கண்டுபிடிக்கக் கூடாது என்றும் எழுதவில்லை. அந்தப் பத்தி வந்தபோது கை தானாக அப்படி எழுதியது. திருத்தப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

எனக்கு ஒரு குழந்தை இருந்தது. ஐந்தாம் மாதம். பிப்ரவரியில் போய்விட்டது. பெண்.

மூன்றாம் மாதம் உங்களிடம் சொல்லவேண்டும் என்று துடித்தேன். உறுதியாகத் தெரிகிறவரை வெளியே சொல்வது இந்த வீட்டில் வழக்கமில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்றார் பிலிப். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டை அவ்வளவு அழகாக வைத்திருந்தார்கள். என் அறையில் வெள்ளைப் பூக்கள். வாங்கி வைத்திருந்த சின்ன உடுப்புகள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. சாப்பாட்டு மேசையில் பிலிப்பின் அம்மா என் கையை ஒரு முறை தொட்டு, "அதைப் பற்றிப் பேசி உங்களை வருத்த மாட்டோம்" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்கள். அன்றுமுதல் ஒருவரும் பேசவில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரியும், பேசவில்லை. பிலிப் இரவில் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்று அவருக்கும் தெரியும்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் அறிந்த மிகப் பெரிய அன்பு அதுதான். ஆனால் எனக்குச் சில நாள் அந்தக் குழந்தை இருந்ததா என்றே சந்தேகம் வருகிறது. நான் இருக்கிறேனா என்றும். நம் ஊரென்றால் தெருவே வந்திருக்கும். தெரிந்தவர், தெரியாதவர், வேண்டாதவர் எல்லாம் வந்து, கையைப் பிடித்து, எப்படி ஆச்சு, எப்ப ஆச்சு என்று குடைந்து குடைந்து கேட்டு, நான் கத்தி அழுது ஓய்ந்திருப்பேன். எவ்வளவு வெறுத்திருக்கிறேன் அந்தக் கேள்விகளை. இங்கே என்னிடம் துக்கம் கேட்க ஒருவர்கூட வரவில்லை, அப்பா.

போன் செய்யாதீர்கள். சமாதானமும் எழுதாதீர்கள். எழுதியதே போதும்.

செல்வி

போடிநாயக்கனூர்
2 நவம்பர் 2023

ஆத்தா,

சமாதானம் எழுதவில்லை. துக்கத்தைத் தபாலில் கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. எத்தனை மாதம் கழிந்தாலும் கேட்காதவன் நேரில் வந்து கேட்கவேண்டும்.

உன் கல்யாணத்தின்போது எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் சும்மா கிடக்கிறது. விசாவுக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். வாங்கி அனுப்பு. ஏன் வருகிறார் என்று அவர் கேட்டால் சொல்லு. கேட்காவிட்டால் சொல்லவேண்டாம்.

தங்கமாட்டேன். விருந்து வேண்டாம். சம்பந்தியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை: எனக்குக் கன்னம் கொடுக்கத் தெரியாது.

அப்பா

லியோன்
28 டிசம்பர் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போனபிறகு இங்கே நடந்ததை எழுதவேண்டும்.

அன்று நீங்கள் உள்ளே வந்ததும் பிலிப்பின் அம்மா கை நீட்டினார். நீங்கள் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றினீர்கள். அவ்வளவு சோபாக்கள் கிடக்க, முன்னறை நடுவில் கம்பளத்தில் உட்கார்ந்தீர்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "ஒக்காரு தாயி" என்றீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்ப ஆச்சு?" என்றீர்கள், எல்லாம் தெரிந்திருந்தும். "பிப்ரவரியில" என்றேன். "எப்படி ஆச்சு?" அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடமிருந்து வந்த சத்தத்தை நான் என்னுடையது என்றே அறியவில்லை. இந்த வீடு கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. நீங்களும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். பிலிப் படியில் பாதி இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அம்மா நாற்காலி நுனியில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.

பிறகு நீங்கள் எழுந்தீர்கள். சொல்லிக்கொள்ளவில்லை. நான் வாசலுக்கு வரவில்லை.

கதவு சாத்திய சத்தம் கேட்டது. சத்தமாகத்தான் சாத்தினீர்கள். பிலிப்பின் அம்மா, "உங்கள் அப்பாவை நாங்கள் ஏதாவது புண்படுத்திவிட்டோமா? சொல்லாமல் போய்விட்டாரே" என்றார். இல்லை, எங்கள் ஊரில் துக்க வீட்டிலிருந்து இப்படித்தான் போவார்கள் என்று சொன்னேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் விளக்குப் போட எழவில்லை. இருட்டில், "பெண்ணா?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஆம் என்றேன். "எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை" என்றார். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இந்த வீட்டில் எனக்கு முதல் தடவையாகப் பயமில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். காலையில் மறுபடி ஸ்பூன் சத்தமில்லாமல்தான் இருந்தது. ஆனால் பிலிப் இரவில் என் பக்கம் திரும்பிப் படுக்கிறார். பேசுகிறோம், தப்புத் தப்பாக.

பிப்ரவரியில் ஊருக்கு வருகிறேன். திரும்பும் டிக்கெட் எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன் என்றும் முடிவு பண்ணவில்லை. அதை மட்டும் வந்தவுடன் கேட்காதீர்கள். இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அமெரிக்கர் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுத்தான் போகிறார்.

செல்வி

போடிநாயக்கனூர்
21 ஜனவரி 2024

ஆத்தா செல்விக்கு அப்பா எழுதுவது.

வந்து சேர்ந்த மறுநாளே தடுமன். அந்த ஊர்க் குளிர் இன்னும் முழங்காலில் இருக்கிறது. ஊரில் என் மானமும் போயிற்று. "பிரான்சுக்குப் போயி அந்தக் கோபுரத்தப் பாக்காம வந்த ஒரே மனுசன் நீதாண்ணே" என்று ஒச்சப்பன் ஜீப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். எதற்குப் போனேன் என்று அவனிடம் சொல்லவில்லை. ஜெயபாக்கியத்திடம் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தை கேலி இல்லை. கொஞ்ச நேரம் என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து போனாள். உனக்காகத்தான் உட்கார்ந்தாள். உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை உன்னிடம் சொன்னாரோ என்னவோ. நான் தெருவில் இறங்கி டிராமுக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடிவந்தார், குளிருக்குப் போடுகிற கோட்டுகூட இல்லாமல். கூடவே நடந்தார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது; இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அதற்கு வார்த்தை இல்லை. டிராம் வருகிற இடத்தில் அவர் முகத்தை மூடிக்கொண்டார். தோளில் ஓங்கித் தட்டினேன், உன் நாவலில் வருகிற தோல் வியாபாரி மாதிரி. அது அந்த ஊரில் மரியாதையா அவமரியாதையா, தெரியவில்லை. அவர் என் கையை விடவில்லை. பத்து நிமிஷம் முந்திவரை எனக்கு அந்தப் பையன்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

பிப்ரவரியில் வா. தனியாக வந்தாலும் சரி, அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. எத்தனை நாள் என்று கேட்கமாட்டேன். இரண்டு நாள் கழித்துக் கேட்கச் சொன்னாய். மூன்றாவது நாள் கேட்கிறேன், அதற்குமேல் என்னால் முடியாது. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். கை நீட்டியதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன், அது துக்க வீட்டு வழக்கம், வேறொன்றும் இல்லை என்று சொல்லு.

இத்தனையும் எழுதிவிட்டேன். எழுதாமல் ஒன்று இருக்கிறது. அங்கே உன் எதிரில் உட்கார்ந்திருந்தபோது வாய்வரை வந்தது, சொல்லவில்லை. வண்டியில், விமானத்தில், மதுரை பஸ் ஸ்டாண்டில், எங்கேயும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் இந்த இடத்தில் இரண்டு முறை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டு வந்தேன்.

அன்றைக்கு உங்கள் வாசலில் மணியை அழுத்தினேன். உள்ளே காலடிச் சத்தம் வரும் என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. கதவு மட்டும் திறந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் ஒரு பெண், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றது. வீட்டில் வேலை பார்க்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிய இங்கிலீஷில், "ப்ளீஸ், தமிழ்ச்செல்வி ஹவுஸ்?" என்று கேட்டேன். அந்தப் பெண் "அப்பா" என்றது.

"பனியில் கண்ணாடி மங்கிப்போச்சு ஆத்தா" என்று சொல்லி, கழற்றித் துடைத்தேன். நீயும் சிரித்தாய்.

கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

அப்பா